கருச்சிதைவும் கழுவாயும்

திருச்சிற்றம்பலம்

அறம் என்பது மக்களிடத்து எவ்வாறு தோன்றிற்று என்னும் வினா தொன்றுதொட்டு ஆராயப்பட்டு வருவதொன்று. ஆராயப் புகுந்தார் பலரும் ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியையும், ஒருவரையொருவர் அஞ்சும் அச்சத்தையுமே அதற்கு முதலாகக் காட்டுவர். தனக்கு உதவினானுக்குத் தான் உதவுதலும், தன்னை ஒறுக்க வல்லானுக்குத் தான் அஞ்சுதலும் எளிதில் விளங்குவனவே. ஆயின், யாதோர் உதவியும் செய்ய மாட்டாததாய், ஒறுக்கும் வலியும் இல்லதாய், வாய்திறந்து முறையிடுதற்கும் இயலாததாய் உள்ளதோர் உயிரின்மாட்டு மாந்தர் எவ்வாறு ஒழுகினர் என்பதைக் கொண்டே அவர்தம் அறத்தின் உண்மைத் தன்மை துணியப்படும். அத்தகைய உயிராவது தாய்வயிற்றின்கண் தங்கிய கருவேயாம். ஆதலின், கருவினையும் அதன் சிதைவினையும் பற்றித் தமிழ்நாட்டார் கொண்டிருந்த கருத்தின் வரலாற்றினைச் சைவ சித்தாந்த நெறிநின்று ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம். இதன்கண் யாம் நெடுங்காலம் பிழைபடக் கொண்டிருந்ததொன்றும் உளது. அதனை இறுதிக்கண் கூறுதும்.

மேனாட்டு அறிஞருள் சார்லசு டார்வின் என்பார், 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதனின் தோற்றத்தைப் பற்றிய நூலில், கூட்டமாய் வாழும் உயிர்கட்கு இயல்பாயுள்ள கூட்டுணர்ச்சியும், ஈன்றார்க்கும் மகவிற்கும் இடையே உள்ள அன்பும், அறிவு வளர்ச்சியோடு கூடியவழி மக்கட்கு அறவுணர்வாய் முகிழ்த்தன என்றார். அவர்க்குப்பின் குரோப்பொட்கின் என்பார், 1902ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், உயிர்கள் ஒன்றற்கொன்று உதவி வாழ்தலும் இயற்கையின் நெறியே என விரித்தோதினார். இவை முழுதும் தள்ளற்பாலன அல்ல. தாயன்பினை அறத்தின் ஊற்றாகக் காட்டுதல் நம்மவர்க்கும் உடன்பாடே. எனினும், கூட்டுணர்ச்சி தன் கூட்டத்தின் எல்லையளவே செல்லும். அவ்வெல்லையைக் கடந்து, காணாத உயிரின் பொருட்டும் நெஞ்சம் நெகிழ்வது யாங்ஙனம் என்னும் வினாவிற்கு அக்கொள்கை முற்ற விடை கூறிற்றில்லை.

அவ்விடையை நம் ஆசிரியர் கூறியருளினர். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர், சிவஞான சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில், மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றானும் உயிர்கட்கு உறுதி பயப்பனவற்றைச் செய்தலே இதம் எனவும், அது செய்யாமை அகிதம் எனவும் இலக்கணம் வகுத்து, அவ்விரண்டினையும் இறைவனே ஏற்றுக்கொண்டு இன்ப துன்பங்களைக் கொடுப்பன் என்றார். இதன்கண் நுண்ணிதாய் நோக்கற்பாலன இரண்டு உள. ஒன்று, அறம் மறம் என்பன உயிரை நோக்கியே வரையறுக்கப்பட்டமை. குலம், நாடு, வலிமை, கைம்மாறு என்பன அவ்விலக்கணத்துட் புகவில்லை. மற்றொன்று, செய்வினையை ஏற்றுக்கொள்பவன் இறைவன் என்றமை. பேச மாட்டாத உயிர்க்குச் செய்த தீங்கினைக் கேட்பார் இல்லை என்று ஒருவன் எண்ணுவானாயின், கேட்பான் உளன் என்பது அதனால் விளங்கும். ஆகவே சித்தாந்தத்தின்படி அறத்தின் தோற்றம் உயிர்க்கு உயிர் உறுதி நினைத்தற்கண் உள்ளது. அந்நினைவினை உள்நின்று எழுப்புவது திருவருள்.

இனி வரலாற்றிற் புகுவாம். சங்கச் சான்றோர் காலத்திலேயே சூலுற்ற மகளிரின் நிலை பெரிதும் பேணப்பட்டமைக்குப் புறநானூற்றிற் சான்று உண்டு. சூல்கொண்டார்க்கு உண்டாகும் வேட்கையை வயா என்பது பழந்தமிழ் வழக்கு. நம் காலத்து அதனை மசக்கை என்கின்றோம். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய குறுங்கோழியூர் கிழார், அவனது நாட்டு மண்ணைப் பகைவர் கொண்டு உண்ணுதல் இல்லை, வயாவுற்ற மகளிர் விரும்பி உண்ணுதலே உண்டு என்னும் கருத்துப்படப் புகழ்ந்தனர். நாட்டின் காவற் சிறப்பினை உணர்த்தப் புகுந்த புலவர்க்கு, அச்சமின்றி மண் தின்னும் சூல்மகள் நினைவிற்கு வந்தமை கருதற்பாலது. அவள் அஞ்சாது இருத்தலே அரசன் செங்கோலுக்கு அளவாயிற்று.

அப்புறநானூற்றின்கண்ணேயே நம் ஆராய்ச்சிக்கு நிலைக்களனாய செய்யுள் ஒன்று உளது. அது சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடியது; முப்பத்துநான்காம் பாட்டு. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1894ஆம் ஆண்டில் இந்நூலை அச்சிட்டு உதவிய பின்னர்ப் புலவர் நாவில் இடையறாது பயிலும் பாட்டுக்களுள் இதுவும் ஒன்று. ஆவின் முலையை அறுத்தார், மகளிரது கருவினைச் சிதைத்தார் முதலிய கொடியோர்க்கும் ஆராயுமிடத்துக் கழுவாய் உண்டென்றும், ஒருவர் செய்த நன்றியைக் கொன்றார்க்கு நிலமே தலைகீழாய்ப் பெயர்ந்தாலும் உய்தி இல்லையென்றும், இது தம் கூற்றன்று, அறம் கூறியதென்றும் அப்புலவர் மொழிந்தனர். மூன்றாவதாக வைக்கப்பட்ட பாதகத்திற் பாடபேதம் உண்டு; முதலிரண்டும் ஐயமற நிற்பன. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் இக்கருத்தையே சுருங்க ஓதினர். அக்குறளில் நன்றி கொல்லுதல் இன்னதென உரைக்கப் புகுந்த பரிமேலழகர், பெரிய அறங்களைச் சிதைத்தற்கு எடுத்துக்காட்டாக இப்புறப்பாட்டுக் கூறும் பாதகங்களையே எடுத்தோதினர்.

இச்செய்யுளைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் செய்ந்நன்றியின் பெருமையை விளக்கற்கே இதனை எடுப்பர். அங்ஙனம் எடுக்குங்கால், முன்னர்க் கூறப்பட்ட பாதகங்கள் பின்னதன் கொடுமையை மிகுத்துக் காட்டுதற்கு வந்த ஒப்புமையாகவே கழிந்துபோகும். அவற்றைத் தனித்து நோக்குவார்க்கு மூன்று உண்மைகள் புலனாம்.

முதலாவது, கருச்சிதைத்தல் பெரும்பாதகமாக அக்காலத்தே எண்ணப்பட்டது. கரு, பிறவாதது ஆதலின் உயிரன்று என்னும் கொள்கை அச்சான்றோர்க்கு இல்லை. வடமொழி வேதநூல்களும் தரும நூல்களும் கருக்கொலையைப் பிரூணகத்தி எனப் பெயரிட்டுப் பெரும்பாவங்களோடு சேர்த்து எண்ணின. இவ்வகையில் இருமொழி நூலோரும் ஒருப்பட்டனர்.

இரண்டாவது, மகளிர் கருச்சிதைத்தோர் என்னும் தொடரின்கண் மகளிர் என்பது ஆறாம் வேற்றுமைப் பொருட்டாய் நின்றது. மகளிருடைய கருவினைச் சிதைத்தோர் என்பது பொருள். எனவே சிதைத்தோர் வேறு, மகளிர் வேறு. சிதைவினால் இழப்புற்றாளாகவே பெண் அங்குக் கூறப்பட்டாள். பாதகம் சிதைத்தார்மேல் ஏற்றப்பட்டது. ஆவின் முலையை அறுத்தார் என்புழி ஆவின்மேல் குற்றம் இல்லாதவாறு போல, ஈண்டும் மகளிர்மேற் குற்றம் சாற்றப்படவில்லை. கன்றிற்கு ஊட்டும் முலையும், மகவினைத் தாங்கும் வயிறும் உயிர் வளர்க்கும் உறுப்புக்கள் ஆதலின் அவ்விரண்டையும் புலவர் அடுத்தடுத்து வைத்தனர் போலும்.

மூன்றாவது, அப்பாதகத்திற்கும் கழுவாய் உண்டு என்று அறம் கூறிற்று. இது தற்செயலாய் வந்த சொல்லன்று. பாட்டின் பொருளே அதன்மேல் நிற்பது. கழுவாய் இல்லையெனின் நன்றி கொன்றார்க்கும் கருச்சிதைத்தார்க்கும் வேறுபாடு காட்டுதல் கூடாமையின் என்க.

இப்பாட்டிற்குத் தலைவனாகிய கிள்ளிவளவனே பிறிதொருகாற் பகைவனாகிய மலையமானின் சிறுமக்களை யானைக்காலில் இடுவிக்கப் புகுந்தான் என்பதும், கோவூர் கிழார் இடைபுகுந்து அம்மக்களை உய்வித்தார் என்பதும் நாற்பத்தாறாம் புறப்பாட்டால் அறியப்படும். அச்சிறார் யானையைக் கண்ட வியப்பால் அழுகையை மறந்தும், புதிய மன்றத்தைக் கண்டு மருண்டும் நின்ற நிலையினைப் புலவர் எடுத்துக்காட்டினர். தமக்கு நேரவிருப்பது இன்னதென அவர் அறியார். அறியாதார் பொருட்டு அறிந்தவர் ஒருவர் அரசன்முன் நின்று வாய்திறந்தார். முறையிட மாட்டாதார்க்காக முறையிடுதலே அறத்தின் முதற்செயல் என்பதற்கு இதனினும் சிறந்த வரலாறு வேண்டா.

இனிச் சமய நூல்கள் கருவினை எவ்வாறு கண்டன என்பது காண்பாம். திருமூலதேவ நாயனார் தம் திருமந்திரத்து இரண்டாந் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை எனத் தனிப்பகுதி ஒன்றே வகுத்து, உயிர் உடம்பொடு பொருந்துமாற்றையும், அதற்கு இறைவன் செய்யும் உபகாரத்தையும் விளக்கினர். மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலில், யானை முதல் எறும்பு ஈறாகவுள்ள யோனிகளிற் பிறந்து இளைத்த உயிர், மானுடப் பிறப்பில் தாய்வயிற்றை அடைந்தபின் திங்கள்தோறும் எய்தும் இடையூறுகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றினின்றும் பிழைத்தமையைக் கூறியருளினர். பத்தாந் திங்களுக்கு வருங்கால், தாயும் தானும் ஒருங்கே படும் துன்பக் கடலினின்றும் பிழைத்தமையை அருளிச்செய்தனர். கருவின் துன்பம் வேறு, தாயின் துன்பம் வேறு எனப் பகுத்து, ஒன்றனை ஒன்றற்கு எதிராக நிறுத்துதல் சுவாமிகள் திருவுள்ளம் அன்று என்பது இதனால் தெளியப்படும்.

சித்தியாரோ, உடம்பு நீங்கிய உயிர் இறைவன் ஆணைவழிச் சுவர்க்க நரகங்களைத் துய்த்தபின் நுண்ணணுவாய் யோனியைச் சேரும் என்கின்றது. ஆகவே உயிர் கருவிற் புகுவது பிறத்தற்குச் சில திங்கட்கு முன்னர் அன்று, கருவின் தொடக்கத்தேயாம். எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களையும் கடந்து மானுடத்து உதித்தல் பெருங்கடலை நீந்திக் கரைசேர்தற்கு ஒப்பாம் எனவும் அந்நூல் கூறும். கரைக்கு அணித்தாய் வந்தானைக் கரையில் நிற்பான் தள்ளிவிடுதல் எத்துணைக் கொடிது என்பதை யாமே உய்த்துணரலாம்.

அற்றேல், பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவின்கண் உள்ளபொழுதே வினைக்கீடாக அமைந்துவிட்டன என்று அச்சித்தியாரே கூறுகின்றதே. அங்ஙனமாயின் கருவிற் சிதைந்த உயிர் தன் வினையால் சிதைந்ததாகும். சிதைத்தான்மேற் குற்றம் யாது எனின், கூறுதும். துய்க்கும் உயிர்க்கு அது பிராரத்தம். செய்யும் உயிர்க்கு அது ஆகாமியம். ஒருவன் பசித்திருத்தல் அவன் ஊழால் எனினும், அவன் உணவைப் பறித்தான் கள்வனே. பிறர் ஊழை நிறைவேற்றுதற்கு நம்மை யாரும் ஏவிற்றிலர். உயிர்க்கு உறுதி செய்க என்றே நூல் ஏவிற்று. இத்தடையை எழுப்புவார் பெரும்பாலும் பிறர் துன்பத்தின்கண் தாம் கைகட்டி நிற்றற்கு ஊழைத் துணையாகக் கொள்வாரே. ஊழ் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உரிய துணையன்றிப் பிறர் துன்பத்தைக் காணாதிருத்தற்கு உரிய திரையன்று.

இக்கருத்துக்கள் ஏட்டளவில் நில்லாது திருக்கோயில்களாகவும் வடிவெடுத்தன. தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்கருகாவூர், ஞானசம்பந்தப் பெருமானும் நாவுக்கரசு நாயனாரும் பாடியருளிய பதி. சுவாமி முல்லைவனநாதர், அம்மை கருக்காத்த நாயகி. நித்துருவ முனிவரின் மனைவியாகிய வேதிகை வயிற்றிற் கரு கலைந்தவழி, அம்மை அதனைக் குடத்தினுள் ஏந்திக் காத்து மகவாக்கி அளித்தனள் என்பது தலவரலாறு. திருச்சிராப்பள்ளியிலோ, காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர மாட்டாளாக, பேறுகாலத்துத் துணையற்றுக் கிடந்த இரத்தினாவதி என்னும் அடியாள்பால் பெருமானே தாயுருவில் எழுந்தருளி மருத்துவம் பார்த்துத் தாயுமானவர் என்னும் திருநாமம் கொண்டருளினார். இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குக. கருகாவூரில் கருவினைக் காத்தாள் அம்மை. சிராமலையிற் சூலுற்றாளைக் காத்தான் அப்பன். கரு கலைந்தமைக்காக வேதிகை வெகுளப்பட்டிலள். இரத்தினாவதி, நின் வினையென விடப்பட்டிலள். கடவுட் செயலாகச் சைவர் போற்றுவன இவையாயின், அடியார் செயல் எதுவாதல் வேண்டும் என்பது வெளிப்படை.

தாயின் உயிர்க்கும் மகவின் உயிர்க்கும் ஒருங்கே இடர் வந்துழிச் செய்யத்தக்கது யாது என்னும் அரிய வினாவும் உண்டு. கோச்செங்கட் சோழ நாயனாரின் தாயாகிய கமலவதியார், பிள்ளை ஒரு நாழிகை தாழ்த்துப் பிறப்பின் உலகாளும் எனக் காலக்கணிதர் கூறக் கேட்டுத் தம்மைத் தலைகீழாகக் கட்டித் தூக்குமாறு தாமே பணித்துப் பிள்ளையைப் பெற்று, அதன் சிவந்த கண்களைக் கண்டு பெயரிட்டு அழைத்தவுடன் உயிர்நீத்தார் எனப் பெரியபுராணம் கூறும். அது தாய் தானே விரும்பி ஈந்த கொடை. கொடை கேட்டு வாங்கப்படுவதாகலாம். வற்புறுத்திப் பறிக்கப்படின் கொடையென்னும் பெயர் பெறாது. ஆதலின் கமலவதியார் செயலைக் காட்டி ஏனைத் தாயரும் உயிரைத் தருக என்று விதித்தல் ஒருவர்க்கும் உரித்தன்று.

மருத்துவ நூலாராகிய சுச்சுருதர் இவ்விடத்து மிக எச்சரிக்கையாகப் பேசுவர். வயிற்றிற் குறுக்கிட்டுத் தடைப்பட்ட கருவை மூடகருப்பம் எனப் பெயரிட்டு, அதனைக் கையாளுதல் மருத்துவச் செயல்கள் எல்லாவற்றினும் அரிது என்றும், உரியாரிடம் உரைத்து உடன்பாடு பெற்றே தொடங்குக என்றும், உயிருள்ள கருவினை ஒருகாலும் கருவியாற் பிளவற்க, அது தன்னையும் தாயையும் கொல்லும் என்றும், இறந்துபட்ட கருவாயின் ஒருகணமும் தாழாது எடுத்துத் தாயைக் காக்க என்றும் விதித்தனர். இவ்விதிகள் இருவுயிரையும் ஒருசேரக் கருதியனவே. இருவரையும் காத்தல் இயலாதென மருத்துவர் துணிந்தவழித் தாயைக் காத்தல் உயிர்க்கு உறுதி செய்தலின் வேறன்று என்பதே சித்தியார் கூறிய இலக்கணத்தானும் பெறப்படும்.

நூல் கற்றாரை விடுத்து, நூல் கல்லாதாரிடத்து இவ்வறவுணர்வு எவ்வாறு நிலைபெற்றது என்பதை யாம் வாழும் தோவாளைப் பக்கத்தே கண்கூடாகக் காணலாம். நாஞ்சில் நாட்டுப் பழைய வழிகளின் ஓரத்தில், நின்ற இரு கல்லின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய சுமைதாங்கிகள் உள. தலைச்சுமையொடு நடப்பார் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி இளைப்பாறுதற்கு அவை பயன்பட்டன. சூலோடு இறந்த பெண்ணின் நினைவாகவே அவற்றை நாட்டுதல் தமிழ்நாட்டுப் பல பகுதிகளினும் வழங்கிய மரபு. இறக்க மாட்டாத சுமையோடு சென்றாளுக்கு, பிறர் இறக்கிவைக்கும் சுமையால் ஆறுதல் உண்டாம் என்பது அம்மக்கள் கொள்கை. அக்கல்லின்கண் சாத்திர வாக்கியம் யாதும் இல்லை. ஆயினும் இறந்தாள்மேல் இரக்கமும், வழிச்செல்வார்க்கு உபகாரமும் ஒருங்கே அமைந்த கழுவாய் அதனிற் பிறிதொன்று யாது?

தோவாளைக்கு அணித்தாய ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் கொண்டுள்ளாள். வஞ்சிக்கப்பட்ட பெண் பழிமுடித்துத் தெய்வமான கதை அவள்மேல் வில்லுப்பாட்டாக வழங்குகின்றது. கையிற் குழந்தையோடு அமைந்த வடிவில் அவளை மகப்பேறு வேண்டுவோர் வழிபடுவர். பொன்னிறத்தாள் கதை என்பது மற்றொன்று. புதையலை விரும்பிய கள்வர், சூலுற்ற பொன்னிறத்தாளைக் கொன்று பலியிட, அவள் தெய்வமாய் எழுந்தமையை அது கூறும். கருவோடு பெண்ணைக் கொன்ற கொடுமையை ஊரார் மறந்திலர். கோயிலெடுத்துப் பாட்டாகப் பாடித் தம் மக்கட்கும் மறவாதவாறு செய்தனர். இக்கதைகள் எவற்றினும் கொல்லப்பட்ட பெண் பழிக்கப்படவில்லை, தெய்வமாக்கப்பட்டாள். ஆலத்தூர் கிழார் பாட்டிற் கண்ட அம்முறையே வில்லுப்பாட்டினும் காணப்படுகின்றது.

இனி நம் காலத்துச் சட்ட வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டில் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காத்தற்கு நல்லெண்ணத்தோடு செய்தாலன்றிக் கருச்சிதைத்தலைக் குற்றமாக்கியது. தன் கருவைத் தானே சிதைத்துக்கொண்ட பெண்ணையும் அக்குற்றத்துள் அடக்கிற்று. மகளிரை வேறாக வைத்த பழம்பாட்டிற்கும் இச்சட்டத்திற்கும் உள்ள வேற்றுமை நோக்கத்தக்கது. அச்சத்தால் மறைவிற் செய்யப்பட்ட சிதைவுகளால் மகளிர் பலர் மாண்டனர். சாந்திலால் ஷா என்பார் தலைமையில் அமைந்த குழு 1966ஆம் ஆண்டில் தந்த அறிக்கையின் வழியே 1971ஆம் ஆண்டு மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டு 1972இல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் உயிர்க்கோ உடல்நலம் மனநலங்கட்கோ கேடு வருமிடத்தும், வன்கொடுமையாற் கருவுற்றவிடத்தும், மகவிற்குப் பெருங்குறை நேரும் என அஞ்சுமிடத்தும் அது இசைவு தந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், இருபது வாரமாக இருந்த எல்லையைச் சிலவகை மகளிர்க்கு இருபத்துநான்கு வாரமாக்கியது. மணமாகாத மகளிர்க்கும் அவ்வெல்லை உரித்தென உச்சநீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பழைய தண்டனைச் சட்டம் நீங்கி, 2023ஆம் ஆண்டுப் பாரதிய நியாய சங்கிதை 2024ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல்நாள் தொட்டு நடைபெறுகின்றது. அதன்கண்ணும் இக்குற்றம் பற்றிய பிரிவுகள் உள.

சட்டம் இசைவு தந்தமையால் ஒரு செயல் அறமாகிவிடாது. சட்டம் ஒறுத்தலால் அறம் வளர்ந்துவிடுவதும் இல்லை. இவ்வுண்மையை நம் நாட்டிற் பெண்மகவிற்கு நேர்ந்த கொடுமை காட்டும். மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கத்தே பிறந்த பெண்மகவைக் கொல்லும் வழக்கம் 1980களில் வெளிப்பட்டு நாடு நாணிற்று. அரசினர் 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டிற்குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினர். கருவியால் கருவின் பாலறியும் வசதி பரவவே, பிறந்தபின் செய்த கொலை பிறவாமுன் செய்யப்படலாயிற்று. பாலறிதலைத் தடுக்கும் சட்டம் 1994ஆம் ஆண்டில் வந்தது. எனினும் தமிழ்நாட்டில் ஆறு வயதிற்கு உட்பட்ட ஆண்மக்கள் ஆயிரவர்க்குப் பெண்மக்கள் 1991ஆம் ஆண்டுக் கணக்கில் 948 ஆகவும், 2001இல் 942 ஆகவும், 2011இல் 943 ஆகவும் நின்றனர். இவ்வெண்களின் குறைவிற் பெண்கருக்கள் எத்துணை மறைந்துள! அவற்றைச் சிதைத்தார் யாவர்? பெண்மகவு வேண்டாவென்ற கணவனும், ஏசிய மாமியும், சீர்வரிசை கேட்ட ஊராரும், பொருள் பெற்றுப் பாலறிந்து கூறினாரும் அல்லரோ? மகளிர் கருச்சிதைத்தோர் என்னும் பழந்தொடர்க்கு இதனினும் பொருத்தமான உரை இல்லை.

நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி நடைபெற்ற காலத்து, மனைவியும் மக்களும் தந்தையின் உடைமையில் உரிய நிலையின்றி அலமந்தமையைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையவர்கள் மான்மியமாகப் பாடினார்கள். தாயாகப் போகின்றாளுக்கு நிற்க நிழலில்லாத இடத்தில் அறத்தை மட்டும் அவள்மேற் சுமத்துதல் நம்மவர்க்கு நெடுங்காலப் பழக்கம் போலும்.

இதனை எழுதும் யாமும் அப்பழக்கத்திற்கு உட்பட்டவரே. ஏறக்குறைய முப்பதாண்டுகட்கு முன்னர், இப்பக்கத்துத் திருக்கோயில் ஒன்றில் மார்கழித் திங்களிற் போற்றித் திருவகவலுக்குப் பொருள் விரித்தோம். திங்கள்தோறும் கரு பிழைத்த வரலாற்றைச் சொல்லுங்கால் மனம் மிக உருகி, அக்கருவைச் சிதைப்பாரைக் கடுஞ்சொற்களாற் கண்டித்தோம். கூட்டம் கலைந்தபின், பூக்கட்டும் முதிய பெண்ணொருவர் தூணருகே ஒதுங்கி நின்று, “ஐயா, அந்தப் பாவத்துக்குப் பரிகாரம் ஒண்ணும் உண்டுமா?” என்று வினவினர். சொற்பெருக்கின் சூடு ஆறாதவராய், “இல்லை” என்றோம். அவர் வேறொன்றும் கேளாது, பூக்கூடையை எடுத்துக்கொண்டு போயினர். தம்பொருட்டுக் கேட்டாரோ, மகள்பொருட்டுக் கேட்டாரோ, யாம் அறியோம்.

அடுத்த ஆண்டில் மாணவர்க்குப் புறநானூற்றினைப் பாடஞ்சொல்லுங்கால், முப்பத்துநான்காம் பாட்டில் ஒரு மாணவர், “கருச்சிதைத்தார்க்குக் கழுவாய் உண்டு என்கின்றதே ஐயா, அக்கழுவாய் யாது?” என்று கேட்டார். மடத்துப் பாடசாலையில் இளமையிலேயே மனப்பாடம் செய்த பாட்டு அது. நூறுமுறை ஓதியும் செய்ந்நன்றிக்கு மேற்கோளாக மட்டுமே அதனைக் கண்டிருந்த எமக்கு, அன்றுதான் அச்சொல் எதிர்வந்து நின்றது. அறம் உண்டு என்றதை யாம் இல்லை என்றோம். அப்பெண்ணைத் தேடிச் சென்றபோது அவர் காலமாகிவிட்டனர் என்று அறிந்தோம்.

மாணவர்க்கு அன்று கூறமாட்டாத விடையை இன்று கூறுகின்றோம். வரகுண பாண்டியனைத் தொடர்ந்த பிரமகத்தி திருவிடைமருதூர்ப் பெருமான் திருமுன்னர் நீங்கிற்று எனத் திருவிளையாடல் கூறும். அதனை நீக்கிய திருவருளுக்கு இதனை நீக்குதல் அரிதன்று. பிழையுணர்ந்து உருகுதலும், திருவைந்தெழுத்தை ஓதுதலும், இயன்ற அளவு பிறவுயிர்க்கு உறுதி செய்தலுமே கழுவாய். திருவாரூரில் மனுநீதிச் சோழர், பசுக்கொலைக்குக் கழுவாய் உண்டென அமைச்சர் கூறவும், தம் மகன்பொருட்டு அதனை ஏற்றாரில்லை. தம்மேல் வருங்கால் கழுவாயை மறுத்தலும், பிறர்மேல் வருங்கால் அதனைத் திறந்து காட்டுதலும் சான்றோர் நெறி. யாம் செய்தது அதற்கு மறுதலை.

இறுதியாக ஒன்று. கருச்சிதைத்தார்க்கும் உண்டெனப்பட்ட உய்தி, நன்றி கொன்றார்க்கு இல்லை என்று அப்பாட்டு முடிகின்றது. நாம் யாவரும் ஒரு தாயின் வயிற்றிற் பத்துத் திங்கள் தாங்கப்பட்டுப் பிழைத்து வந்தவர்கள். அந்நன்றிக்குக் கைம்மாறு அத்தாயளவில் முடிவதன்று. சூலுற்று அஞ்சி நிற்பாள் ஒருத்தியைக் காணுந்தோறும் செலுத்தற்குரியது. கைவிடப்பட்ட பெண், வறுமையால் நலிந்த பெண், மணமின்றிக் கருவுற்று ஊர்ப்பழிக்கு அஞ்சும் பெண், பெண்கருவென்று அறிந்து வீட்டாரால் நெருக்கப்படும் பெண் ஆகிய இவர்கட்கு ஒரு வாய்ச்சொல்லும் ஒருபிடி சோறும் தங்க ஓரிடமும் தாராது, பாவம் பாவம் என்று மட்டும் உரைக்கும் கூட்டத்தார் நன்றி கொன்றார் வரிசையில் நிற்பாரல்லரோ? கருவைக் காக்க விரும்பும் சைவ அன்பர்கள் முதற்கண் கருவைத் தாங்குவாளைக் காக்க. திருக்கோயில்தோறும் அன்னம் இடுகின்றோம். பேறுகாலத்துத் துணையற்றார்க்கு அவ்வன்னத்தின் ஒருபகுதியைக் கொண்டுபோய்க் கொடுத்தல் அரிதன்று. தாயுமானவர் திருநாமத்தை ஓதுவார்க்கு அது தக்கதோர் பணியுமாம்.

வழியோரச் சுமைதாங்கிகளுட் சில சாய்ந்தும், சில சாலை அகலப்படுத்தியபோது மறைந்தும் போயின. எஞ்சியவற்றைக் காணுந்தோறும் அப்பூக்கூடைப் பெண்ணின் வினா எம் நெஞ்சில் எழுகின்றது. “உண்டு, அம்மா” என்று அவர்க்குக் கூறற்பாலதாகிய விடையைக் காலந்தாழ்த்தேனும் இப்பக்கங்களிற் கூறி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்